ஒப்புகை யாரிடம்? தாம்பரம் சார்ந்த தென்சென்னைப் புறநகர்த் தொழிற்பகுதியில் மின்னணுக் கோப்புப் பரிமாற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உதிரிப்பாகம் வழங்கும் நிறுவனங்களுக்கும் அவற்றை வாங்கும் பெரிய ஆலைகளுக்கும் இடையே தாள் சலான் வழியாக நடந்த செய்திப் பரிமாற்றம், 1990களிலிருந்து படிப்படியாக மின்னணுக் கோப்புப் பரிமாற்றமாக மாறியது. தாம்பரத்தை நடுவாகக் கொண்ட தென்சென்னைப் புறநகர்த் தொழிற்பகுதியைக் களமாக வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பாதுகாப்பு என்பதைக் கோப்பை மறைத்து அனுப்பும் நுட்பமாக மட்டும் காண்பது போதாது. செய்தியும் சரக்கும் வந்து சேர்ந்தன என்பதற்கான ஒப்புகை யார் கையில் தங்குகிறது என்பதே சிறு வழங்குநருக்கு முதன்மையான பாதுகாப்பு என்பது இக்கட்டுரையின் கருத்து. நெறிமுறை ஆவணங்களும் இந்தியச் சட்டங்களும் தொழிற்பகுதியின் வரலாறும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்னணுத் தரவுப் பரிமாற்றம், ஓடெட் நெறிமுறை, ஒப்புகை, மறையாக்கம், சலான், தாம்பரம், மறைமலை நகர், குறு சிறு தொழில்கள்

சாலையும் சலானும்

கிண்டியிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருந்தெற்குச் சாலையை இப்பகுதி மக்கள் ஜி.எஸ்.டி. சாலை என்றே வழங்குவர். 2017 ஜூலை 1 முதல் அதே எழுத்துகள் சரக்கு மற்றும் சேவை வரியையும் குறிக்கத் தொடங்கின. இரண்டும் இக்கட்டுரையில் இடம்பெறுவதால் முன்னதைப் பெருந்தெற்குச் சாலை என்றும் பின்னதைச் சரக்கு சேவை வரி என்றும் விரித்தே எழுதுதல் நலம்.

இச்சாலையின் இருமருங்கிலும் தொழில்கள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் மின்சாதனங்களைச் செய்தது. பெருங்களத்தூரை ஒட்டி ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கார் ஆலை இயங்கியது. 1961இல் தொடங்கிய ஹெரால்டு முதல் 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 வரை பல வண்டிகளைச் செய்தபின் அது 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. இதற்கிடையே 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிச் செயலாக்க மண்டலம் உருவானது. 1995இல் மகிந்திராவும் ஃபோர்டும் கூட்டு நிறுவனம் தொடங்கின. மறைமலை நகர் ஆலையிலிருந்து 1999இல் ஐகான் கார் வெளிவந்தது. பின்னர் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. 2007இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் ஆலைகளைத் திறந்தன.

கார் ஆலை ஒன்று தனித்து இயங்குவதில்லை. அதற்கு வேண்டிய திருகாணி, ரப்பர் வளையம், கம்பிக்கோவை, வார்ப்புத் துண்டு ஆகியவற்றைச் செய்யும் பட்டறைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் கிண்டியிலும் பம்மலிலும் தாம்பரத்தைச் சுற்றியும் பரவிக் கிடந்தன. பாடியிலிருந்து மறைமலை நகருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இத்தொலைவைச் சரக்குடன் கடந்து வந்த தாள்தான் சலான்.

சலானின் இயக்கத்தை இங்குச் சற்று விரிவாகக் காண வேண்டும். பின்னர் வந்த மின்னணு முறைகள் அனைத்தும் அதன் சாயலிலேயே அமைந்தன. சலான் மூன்று அல்லது நான்கு படிகளாக எழுதப்படும். வண்டி ஆலை வாயிலை அடைந்ததும் காவலர் உள்வரவுப் பதிவேட்டில் எண்ணும் நேரமும் எழுதி முத்திரை இடுவார். அடுத்துப் பண்டகசாலையில் பெட்டிகளை எண்ணிப் பார்த்து ஜி.ஆர்.என். எனப்படும் சரக்கு வரவுச் சீட்டுப் போடுவார்கள். மூன்றாவதாகத் தரச்சோதனைப் பிரிவு ஏற்கும் அல்லது மறுக்கும். வாயில் முத்திரை, வரவுச் சீட்டு, தர ஏற்பு என்னும் மூன்றும் மூன்று வெவ்வேறு ஒப்புகைகள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. முத்திரையிட்ட ஒரு படி ஓட்டுநரிடம் திரும்பி வழங்குநரின் கோப்பில் சேரும். நடுவண் கலால் வரிக் காலத்தில், வரிக்கழிவுடன் வேலைக்கு அனுப்பிய மூலப்பொருளுக்கு 57எஃப் சலான் என்ற தனிவகையும் இருந்தது. அது உரிய காலத்தில் கணக்கில் திரும்பாவிடில் வரிப்பொறுப்பு எழுந்தது.

இம்முறையில் தாமதமும் பிழையும் உண்டு. மை மங்கும், எண் தவறும். 2015 டிசம்பர் 1இல் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய நாள்களை நினைத்தால், இரும்பு அலமாரியில் வைத்த தாளும் அழியாததன்று என்பது விளங்கும். ஆயினும் இம்முறைக்கு ஒரு சிறப்பு இருந்தது. வாங்கியவரின் முத்திரை விழுந்த சான்று, விற்றவரின் வீட்டில் இருந்தது. பணம் வரத் தாமதமானால் அதை எடுத்து நீட்டலாம். யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

மூடிய கம்பியின் காலம்

உலகின் பிற பகுதிகளில் சலானைக் கணினிச் செய்தியாக்கும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் ஆகிய மூன்றும் சேர்ந்து 1982இல் ஏ.ஐ.ஏ.ஜி. என்னும் வாகனத் தொழில் செயற்குழுவை அமைத்தன. அமெரிக்க எக்ஸ்12 தரத்தில் 830 என்பது வருங்காலத் தேவைத் திட்டம், 862 என்பது அனுப்பீட்டு அட்டவணை, 856 என்பது சரக்குப் புறப்பட்டதன் முன்னறிவிப்பு. ஐக்கிய நாடுகள் அவையின் எடிஃபாக்ட் தொடரியல் 1987இல் ஐ.எஸ்.ஓ. 9735 ஆக ஏற்கப்பட்டது. அதில் இதே பணிகளை டெல்ஃபோர், டெல்ஜிட், டெசாட்வ் என்னும் செய்திகள் செய்கின்றன. சலான் தாங்கிய செய்தி இப்போது வண்டிக்கு முன்னே சென்றது. இச்சிறு மாற்றமே பெரும் மாற்றம். வண்டி வந்தபின் எண்ணத் தொடங்கிய பண்டகசாலை, இனி வரப்போவதை அறிந்து காத்திருக்கலாம், இருப்பைக் குறைக்கலாம், இருப்புக்கான செலவை வழங்குநர் பக்கம் தள்ளவும் செய்யலாம்.

செய்தியின் வடிவம் ஒரு பக்கம்; அது செல்லும் வழி மற்றொரு பக்கம். 1990களின் முற்பாதியில் சென்னையில் பொது இணையம் இல்லை. எக்ஸ்.25 என்னும் பொதிமாற்ற வலைகளே நிறுவனங்களுக்கு வாய்த்தன: தொலைத்தொடர்புத் துறையின் ஐநெட், வெளிநாட்டு இணைப்புக்கு வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வாயில் சேவை. பொதுமக்களுக்கான இணைய சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது சென்னையும் அதில் இடம்பெற்றது.

எக்ஸ்.25 வலையில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் கம்பியின் பாதுகாப்பே. இணைப்புப் பெற்றவர் யார் என்பது துறைக்குத் தெரியும். அழைப்பவரின் எண்ணை எதிர்முனை காணும். வெளியார் நுழைவது எளிதன்று. தெருவின் இரு முனையிலும் காவலர் நின்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டு வேண்டாம் என்பது போன்ற ஏற்பாடு இது. அதற்கேற்ற கட்டணமும் இருந்தது. ஆகவே பெருநிறுவனங்களும் ஏற்றுமதியாளரும் இதில் நுழைந்தனர்; பம்மல், அனகாபுத்தூர்ச் சந்துகளில் இருந்த சிறு பட்டறைகளுக்குத் தொலைநகலும் தொலைபேசியுமே மிஞ்சின.

ஓடெட் நெறிமுறை

இக்கட்டுரைக்கு உயிர்நாடியான நெறிமுறை ஐரோப்பாவில் பிறந்தது. ஓடெட் என்னும் ஐரோப்பிய வாகனத் தொழில் அமைப்பு 1986இல் எக்ஸ்.25 வலைக்கென்று ஒரு கோப்பு மாற்ற நெறிமுறையை வகுத்தது. ஓ.எஃப்.டி.பி. என்று அது சுருக்கமாக வழங்குகிறது. 1997 செப்டம்பரில் வெளியான இணையத் தர ஆவணம் 2204, அதே நெறிமுறையை டி.சி.பி./ஐ.பி. வழியே நடத்தும் முறையை விளக்கியது. அதற்கு ஒதுக்கிய வாயில் எண் 3305.

அதன் நடை எளியது. அழைக்கப்பட்ட முனை ஆயத்தம் என்று முதலில் அறிவிக்கும். இரு முனைகளும் தத்தம் அடையாளக் குறியையும் எட்டு எழுத்துக்கு மேற்படாத கடவுச்சொல்லையும் சொல்லும். கோப்பின் பெயர், நாள், நேரம், அனுப்புநர், இறுதிப் பெறுநர் ஆகியவை முதலில் செல்லும். பெறுநர் ஏற்றபின் தரவு செல்லும். நடுவில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தமிழகம் 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் கண்ட மின்வெட்டை அறிந்தவர்க்கு இந்த வசதியின் அருமை தெரியும். வார்ப்பு அச்சின் வரைபடக் கோப்பு பல மணிநேரம் சென்று கொண்டிருக்கையில் மின்சாரம் போனால், முதலிலிருந்து தொடங்குவதற்கும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நாள் வேலை.

இவற்றினும் முக்கியமானது இந்நெறிமுறை இருவகை ஒப்புகையைப் பிரித்து வைத்தது. கோப்பின் கடைசித் துண்டு வந்ததும் அடுத்த முனை அனுப்புவது ஒன்று. அது இந்த ஒரு கட்டத்தை மட்டும் உறுதி செய்யும். நடுவில் தீர்வு மையம் எனப்படும் இடைநிலைக் கணினி இருந்தால், அதன் ஒப்புகையாகவே அது நிற்கும். மற்றது இ.இ.ஆர்.பி. எனப்படும் முனைக்கு முனை ஒப்புகை. இறுதிப் பெறுநரிடமிருந்து புறப்பட்டு, வந்த வழியே திரும்பி, அனுப்பியவரை அடையும். அது வரும்வரை அனுப்பியவரின் கணக்கில் அக்கோப்பு முடிந்ததாகாது. முன்னது வாயில் முத்திரை. பின்னது பண்டகசாலையின் வரவுச் சீட்டு. ஐரோப்பியப் பொறியாளரும் நம் ஊர்ப் பண்டகசாலை எழுத்தரும் ஒரே தேவையை ஒரே வகையில் தீர்த்திருக்கின்றனர். மூன்றாம் ஒப்புகையாகிய தர ஏற்பு இதில் இல்லை. அது கோப்பைப் பற்றியதன்று, சரக்கைப் பற்றியது. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் இ.இ.ஆர்.பி. வந்ததையே பொருள் ஏற்கப்பட்டதாகக் கருதுவது, முத்திரை விழுந்ததும் பணம் வந்துவிட்டது என எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இணையத்துக்கு வந்தபோது பழைய நெறிமுறையின் குறை வெளிப்பட்டது. கடவுச்சொல் மறைக்கப்படாமல் சென்றது. ஒப்புகையில் கையொப்பம் இல்லை. மூடிய கம்பியில் பொருட்படுத்தப்படாத இவ்விரண்டும் திறந்த வலையில் பெருங்குறைகள். 2007 நவம்பரில் வந்த 5024ஆம் ஆவணம், ஓ.எஃப்.டி.பி.2 என வழங்கும் புதிய வடிவத்தைத் தந்தது. இதில் வழித்தடத்தை டி.எல்.எஸ். மறைக்கும், அதற்கு வாயில் எண் 6619. கோப்பையே தனியாகக் கையொப்பமிடலாம், மறையாக்கம் செய்யலாம். ஒப்புகையில் கோப்பின் ஹாஷ் என்னும் சுருக்கக்குறியும் பெறுநரின் மின்கையொப்பமும் இடம்பெறலாம். பெற முடியாத நிலையைத் தெரிவிக்கும் மறுப்பு ஒப்புகையும் உண்டு.

இதனை நிறுவ இரு தரப்பும் செய்ய வேண்டியவை தொழில்நுட்பத்தைவிட நிர்வாகத்தைச் சார்ந்தவை. நிலையான இணைய முகவரி பெறுதல். தடுப்புச்சுவரில் வாயில் திறத்தல். அடையாளக் குறி, கடவுச்சொல், கோப்புப் பெயர் வகை ஆகியவற்றை அளவுருத் தாளில் எழுதி மாற்றிக்கொள்ளுதல். சான்றிதழ்களைப் பரிமாறி, வந்தது உரியவருடையதுதானா என வேறு வழியில் சரிபார்த்தல். சோதனைச் செய்தி அனுப்புதல். சில காலம் தாளையும் கோப்பையும் இணையாக நடத்தி எண்ணிக்கை ஒத்துவருகிறதா எனப் பார்த்தல். இவற்றுள் பெரும்பாலும் நெகிழ்வது சான்றிதழ்ச் சரிபார்ப்பு. அதே மின்னஞ்சலில் சான்றிதழையும் அதன் கைரேகை எண்ணையும் சேர்த்து அனுப்பினால் சரிபார்ப்பு என்பதற்குப் பொருளே இல்லை. தொலைபேசியில் அழைத்து எண்ணைப் படித்துக் காட்டுவதே முறை. மற்றொன்று சான்றிதழின் காலாவதி. அந்நாளை யாரும் குறித்து வைக்காவிட்டால், நெடுநாள் ஒழுங்காக ஓடிய இணைப்பு ஒரு காலையில் நின்றுபோகும்.

மறையும் மறைமலையும்

கோப்பை மறைப்பதற்குச் சட்டமே தடையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1990களில் அமெரிக்கா வலிய மறையாக்க மென்பொருளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2000 ஜனவரியில்தான் பெரிதும் தளர்த்தியது. இந்தியாவில் 1998 நவம்பரில் தனியார் இணையச் சேவைக்கு வழி திறந்தபோது, உரிம நிபந்தனை முன்னனுமதியின்றி 40 பிட் நீளம் வரையிலான திறவுகோலையே அனுமதித்தது. அதற்கு மேல் வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் பெற்று மறைநீக்கத் திறவுகோலையும் ஒப்படைக்க வேண்டும். 40 பிட் என்பது ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாகத் தோன்றும். 1998 ஜூலையில் அமெரிக்காவில் தனிப்பொறி ஒன்று 56 பிட் திறவுகோலை 56 மணிநேரத்தில் கண்டுபிடித்தது. அதே வேகத்தில் 40 பிட் திறவுகோலுக்குச் சில நொடிகள் போதும். மறுபுறம் 2001இல் இந்திய ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட் மறையாக்கத்தை வலியுறுத்தியது. ஒரே நாட்டில் ஒரு துறை தடுத்ததை மற்றொரு துறை கட்டாயமாக்கியது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் மறையாக்க முறைகளை வகுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அதன்படி 2015 செப்டம்பரில் வெளியான வரைவுக் கொள்கை எதிர்ப்பால் உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது.

மறையாக்கம் என்னும் கலைச்சொல்லைப் பற்றி இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்டவர் பல்லாவரத்தில் வாழ்ந்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் பெயரால் 1980இல் எழுந்த நகரில், அவர் ஏற்றிருக்க முடியாத பிறமொழிக் குறியெழுத்துகளில் ஆலைச் செய்திகள் ஓடின. அச்செய்திகளை மறைக்கும் கலைக்கு நாம் அவருடைய பெயரின் முதற்சொல்லையே ஆக்கிக்கொண்டோம். வேதத்துக்கும் மறைபொருளுக்கும் ஒரே சொல் வழங்கும் மொழியில் இது தற்செயலே ஆயினும் சுவையானது.

2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுக்கும் மின்கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு அளித்தது. அதன் 12ஆம் பிரிவு ஒப்புகையைப் பற்றியது. 13ஆம் பிரிவு அனுப்பிய, பெற்ற காலத்தைப் பற்றியது. பெறுநர் ஒரு கணினியைக் குறித்திருந்தால், பதிவு அக்கணினிக்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். சான்றளிக்கும் முதல் உரிமத்தை 2002இல் பெற்றது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவேயின் துணை நிறுவனமான சேஃப்ஸ்கிரிப்ட். ஆக, தாம்பரத்துப் பட்டறை ஒன்று மின்கையொப்பமிடத் தேவையான சட்டமும் சான்றளிப்பவரும் அதே மாநகரில் 2002இலேயே இருந்தனர். பட்டறைகளின் அன்றாடக் கோப்புகளில் அது புகவில்லை. பின்னாளில் நிறுமப் பதிவுக்காகவும் வரித் தாக்கலுக்காகவும் மின்கையொப்பச் சில்லுகள் வாங்கப்பட்டன. அவை பல நிறுவனங்களில் கணக்குத் தணிக்கையாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. கையெழுத்துப் போடும் கை ஒருவருடையது, பேனா மற்றொருவருடையது.

வலைவாசலும் சிறு வழங்குநரும்

பத்துக் கடைசல் பொறிகள் வைத்திருக்கும் ஒரு பட்டறை ஓ.எஃப்.டி.பி. நிலையத்தை நிறுவுவது எளிதன்று. மென்பொருள் உரிமம், நிலையான முகவரி, ஓயாத மின்சாரம், அதைக் கவனிக்கும் ஆள் என்று செலவு நீளும். இதற்குத் தீர்வாக வந்தது வழங்குநர் வலைவாசல். 2000 பிப்ரவரியில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் டைம்லர்கிரைஸ்லரும் அறிவித்த கோவிசின்ட் என்னும் கூட்டு வணிகத்தளம் இப்போக்கின் பெரிய அடையாளம். கொள்முதல் ஏலத்தளமாக அது எதிர்பார்த்த அளவு வளராமல் 2004இல் கைமாறியது. ஆனால் வலைவாசல் என்னும் கருத்து நிலைத்தது. உலாவியைத் திறந்து, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இட்டு, அட்டவணையைப் பார்த்து, அனுப்பீட்டு முன்னறிவிப்பைத் தட்டச்சு செய்து, பட்டைக்குறிச் சீட்டை அச்சிட்டுப் பெட்டியில் ஒட்டினால் போதும். மாதச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. சிறு பட்டறைகள் மின்னணு முறைக்குள் வந்தது இதனால்தான். அந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் ஓடெட் முறைக்கும் வலைவாசலுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. முன்னதில் கோப்பு ஒருவர் கணினியிலிருந்து மற்றவர் கணினிக்குச் சென்று, ஒப்புகை திரும்பி வருகிறது; இரு பக்கமும் பதிவு உண்டு. பின்னதில் வழங்குநர் வாங்குபவரின் கணினியில் எழுதுகிறார். கோப்பு எங்கும் செல்வதில்லை. அட்டவணை எப்போது மாறியது, முன்னறிவிப்பு எத்தனை மணிக்குப் பதிவானது, வரவுச் சீட்டு எந்நாளில் போடப்பட்டது என்பன எல்லாம் ஒரே வீட்டின் ஏட்டில் உள்ளன. டி.எல்.எஸ். பூட்டு இருந்தாலும், அது வெளியாரிடமிருந்து காக்கிறதே தவிர இருவருக்கும் இடையே எழும் வழக்கில் எவரையும் காப்பதில்லை. முத்திரையிட்ட படியுடன் திரும்பிய ஓட்டுநருக்கு இதில் இடமில்லை.

இது வெறும் தத்துவச் சிக்கலன்று, பணச் சிக்கல். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, எழுத்து உடன்பாடு இருந்தாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாள்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கலாகாது. தாமதித்தால் 16ஆம் பிரிவின்படி வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிடப்படும். ஏற்பு நாள் எது? சரக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்ட நாள். 15 நாள்களுக்குள் எழுத்தில் மறுப்பு எழுந்தால் மட்டும் அம்மறுப்பு நீங்கிய நாள். எனவே முழு உரிமையும் ஒப்படைத்த நாளின் சான்றைச் சார்ந்துள்ளது. வாயிலில் நுழைந்த நாள் திங்கள், வரவுச் சீட்டு போட்ட நாள் வியாழன் என்றால், வலைவாசல் எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து மூன்று நாள் நகரும். 2023–24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்ந்த ‘எச்’ கூறு, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை இக்காலத்துள் செலுத்தாதவர் அதை அவ்வாண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்று ஆக்கியபின், இந்த நாள்களின் மதிப்பு வாங்குபவருக்கும் கூடியது.

வழக்கு மன்றம் வரை சென்றால் மற்றொரு தடை. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, மின்னணுப் பதிவின் அச்சுப்படியை முன்வைக்கச் சான்றிதழ் கேட்டது. அச்சான்றிதழை அந்தக் கணினியின் இயக்கத்துக்கோ நிர்வாகத்துக்கோ பொறுப்பான பதவியில் இருப்பவர் தர வேண்டும். அது கட்டாயம் என 2014இல் அன்வர் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிசெய்து, கணினி தன் வசம் இல்லாதவர் சான்றிதழைப் பெற நீதிமன்றத்தை நாடலாம் என்று வழி காட்டியது. வலைவாசலின் கணினி யாருடையது என்பதைக் கூறத் தேவையில்லை. வழங்குநர் தம் கோரிக்கைக்கான சான்றிதழை, எதிர்த்து நிற்பவரிடமே கேட்க வேண்டும். தராவிட்டால் மன்றத்தின் வழியே பெற வேண்டும். வழி இருக்கிறது. ஆனால் அடுத்த மாத வேலை ஆணையை எதிர்நோக்கி நிற்கும் பட்டறைக்காரர் அவ்வழியில் எளிதில் செல்லமாட்டார்.

மூன்றாம் கை

இந்நிலையில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு மாற்றம் வந்தது. வரி ஏய்ப்பைத் தடுக்க அரசு வகுத்த ஏற்பாடுகள், சிறு வழங்குநருக்குச் சான்று தரும் ஏற்பாடுகளாகவும் அமைந்தன. மாநிலங்களுக்கு இடையேயான சரக்குக்கு மின்வழிச்சீட்டு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. அதில் வண்டி எண்ணும் நேரமும் பதிவாகும். பெறுநர் 72 மணிநேரத்துக்குள் மறுக்காவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். மின்விலைப்பட்டியல் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட விற்றுமுதல் உள்ளவர்க்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்க்கும் வந்தது. ஒவ்வொரு பட்டியலுக்கும் 64 எழுத்துகொண்ட ஹாஷ் எண்ணும் அரசுத் தளத்தின் மின்கையொப்பமும் கிடைக்கின்றன. 2024 அக்டோபரில் வந்த பட்டியல் மேலாண்மை முறையில் வாங்குபவர் ஏற்கலாம், மறுக்கலாம்; ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்.

மின்கையொப்பம் பட்டறைகளின் அன்றாடத்துக்குள் வந்த வழி இது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் தானாகப் பரவும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. வரிச்சட்டத்தின் வற்புறுத்தலால் நடந்தது. ஆனால் இதன் எல்லையையும் காண வேண்டும். அரசுத் தளம் பட்டியல் எழுதப்பட்டதற்கும் வண்டி புறப்பட்டதற்கும் சாட்சி. பெட்டி பண்டகசாலையில் இறங்கியதற்கு அது சாட்சியன்று. எதிர்ப்பில்லாமையை ஏற்பாகக் கொள்ளும் விதியும் வரிக்கணக்குக்கே உரியது. மேலும் 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட பட்டறைகள், அதாவது இச்சான்று மிகத் தேவைப்படுவோர், இன்னும் மின்விலைப்பட்டியல் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றனர்.

ஆலை நின்றபின்

2021 செப்டம்பர் 9இல் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் இறங்கியது. ஆனால் அந்நிறுவனத்தின் உலகளாவிய தொழில்நுட்ப, வணிகச் சேவைப் பணிகள் சென்னையில் தொடர்ந்தன; அதற்கான சோழிங்கநல்லூர் வளாகம் 2016இல் அறிவிக்கப்பட்டது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு ஆலை இருந்த நிலத்திலும் இன்று மென்பொருள் வளாகமே நிற்கிறது. கார் செய்த நிலங்கள் கணிப்பணி செய்யும் நிலங்களாக மாறிய இப்போக்கைத் தனியே ஆராய வேண்டும்.

நம் பொருளுக்கு வேண்டியது ஒன்று. ஓர் ஆலை மூடப்படும்போது பொறிகள் விற்கப்படும், ஆட்களுக்கு இழப்பீடு பேசப்படும். வழங்குநர் வலைவாசலின் பழைய பதிவுகளை எத்தனை ஆண்டு திறந்து வைப்பது என்பதை இந்தியச் சட்டம் தனியாக வகுக்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. பயனர்கணக்கு முடக்கப்பட்ட நாளில், அதுவரை படியெடுத்து வைக்காத வழங்குநரின் வரலாறும் முடிகிறது. 2024 ஜூலை 1இல் 65பி பிரிவின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்தது. அதன் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவம் பதிவின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. வலைவாசலிலிருந்து இறக்கிய ஒவ்வோர் அட்டவணைக்கும் வரவுச் சீட்டுக்கும் அன்றே ஹாஷ் எடுத்துத் தம் கணினியில் நாளிட்டு வைக்கும் பட்டறைக்கு இப்படிவம் ஓரளவு துணை செய்யும்.

2024 செப்டம்பரில் ஃபோர்டு ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பக் கடிதத்தைத் தமிழக அரசிடம் அளித்தது. ஒரகடத்திலும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த ஆலையாயினும் புதிய இணைப்பு ஏற்படும்போது அளவுருத் தாள் ஒன்று மீண்டும் நிரப்பப்படும். ஓ.எஃப்.டி.பி.2 நெறிமுறையில், கோப்பு புறப்படும்போது முன்செல்லும் தலைப்பில், கையொப்பமிட்ட ஒப்புகை வேண்டுமா என்று சொல்ல ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை நிரப்புவது கோப்பைப் பெறுபவர் அல்லர், அனுப்புபவர். வேண்டுமெனில் ‘ஒய்’, வேண்டாவெனில் ‘என்’.